ரீலின் பல்லும் என் வீட்டுக்காரர் கையும்

எங்கள் வீட்டுத் தையல் மிஷின் மேஜையில் இப்போது இரண்டு எண்ணெய்க் குப்பிகள் இருக்கின்றன. ஒன்று மிஷினுக்கு. மற்றொன்று மீன் பிடிக்கிற ரீலுக்கு. "ரீலா? அது ஆம்பிளைகள் சமாசாரம் ஆயிற்றே! அதைப் பற்றி எழுத இவளுக்கு என்ன வந்தது?" என்று சகோதரிகள் நினைக்கலாம். ஒரு வருஷத்துக்கு முன்பு என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குப் பக்கம். நாஞ்சில் நாடு என்றாலே வயலும் குளமும்தான். கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் குளங்கள் உண்டு. 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்த பிறகு கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து பல குளங்களை நிறைக்கிறது. குளம் இருந்தால் தாமரை இருக்கும். தாமரை இருந்தால் அதன் அடியில் விரால் இருக்கும். நாங்கள் பேச்சில் 'வரால்' என்போம்.

என் வீட்டுக்காரர் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினவர். ஆறு நாளும் கணக்கு, ஞாயிற்றுக்கிழமை வரால். சிறு பிள்ளையாக இருந்தபோது மூங்கில் கம்பு, தங்கூசி, முள்ளில் ஒரு தவளைக்குஞ்சு, இவ்வளவுதான் அவருக்குச் சாமான். விரால் மற்ற மீன்களைப் போல அல்ல. செவுளோடுகூட மேல்காற்றை இழுத்துக்கொள்ள அதற்குத் தனி உறுப்பு உண்டு. அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். அந்தச் சத்தத்தைக் கேட்டே எந்த இலைக்கடியில் கிடக்கிறது என்று இவர் சொல்லிவிடுவார்.

நாலு வருஷத்துக்கு முன்பு எங்கள் மகன் ஒரு ரீலும் கம்பும் ரப்பர் தவளையும் வாங்கிக் கொடுத்தான். ரப்பர் தவளையின் முள் இரண்டும் முதுகோடு ஒட்டினாற்போல இருப்பதால் தாமரை இலையில் மாட்டாது. விரால் கவ்வினால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். உயிருள்ள தவளையை முள்ளில் குத்துகிற பாவமும் இல்லை. இவருக்கு ஒரே சந்தோஷம்.

ரீலில் இரண்டு தினுசு உண்டு. ஒன்று கம்புக்கு அடியில் தொங்குகிற ஸ்பின்னிங் ரீல். எறியும்போது அதன் உருளை சுழலாது. நூல் மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். மற்றொன்று கம்புக்கு மேலே உட்காருகிற பெயிட்காஸ்டிங் ரீல். இதில் எறிகிறபோது உருளையே சுழலும். நூல் போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுழன்றுவிட்டால் உள்ளே குருவிக்கூடு மாதிரிச் சிக்கு விழுந்துவிடும். அதைத் தடுக்க வலது கட்டைவிரலால் உருளையை மெல்லத் தடவிப் பிடிக்கவேண்டும். பழகக் கஷ்டம். பழகினபின், இலை நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தாலும் அங்கே தவளையைப் போடலாம். தடித்த நூலைத் தாங்கும், தாமரைக் கொடியோடு சேர்த்து மீனை இழுக்கும் என்பதால் விரால் பிடிக்கிறவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம், ஒரு காலை நேரம், வெளியே சாரல். காப்பி டம்ளரை வாங்கினவர் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. "என்னங்க, சூடா?" என்று கேட்டேன். பதில் சொன்னார், வார்த்தை குழறியது. முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. "ரெண்டு கையையும் தூக்குங்க" என்றேன். இடது கை பாதியில் தொங்கிவிட்டது.

இதை நான் இதே போன்ற ஒரு பெண்கள் பத்திரிகையில்தான் படித்திருந்தேன். முகம் கோணுதல், கை தொய்தல், பேச்சுக் குழறுதல், இந்த மூன்றில் ஒன்று திடீரென்று வந்தாலும் பக்கவாதமாக இருக்கலாம். வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108-க்குச் சொல்ல வேண்டும். கட்டி கரைக்கிற ஊசி பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. 'கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்' என்று மாமியார் சொன்னதை அன்றைக்கு நான் கேட்கவில்லை. அது ஒன்றுதான் என் வாழ்நாளில் நான் மாமியார் பேச்சைத் தட்டினது! எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டபோது காப்பி கொடுத்த நேரத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தது. அது ரொம்ப உதவியாக இருந்தது என்றார்கள்.

ஆள் பிழைத்தார். பேச்சு திரும்பியது. கால் மெல்ல மெல்லச் சரியானது. இடது கை மட்டும் பிடிவாதம் பிடித்தது. விரல்கள் மடங்கும், மடங்கினால் விரியாது. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண்பிள்ளை பந்தை அமுக்கச் சொன்னாள், துண்டைப் பிழியச் சொன்னாள், புட்டி மூடியைத் திருகச் சொன்னாள். "ஒரே அசைவை நிறைய தடவை செய்யணும். அதோட, அவருக்குப் பிடிச்ச வேலையா இருந்தா இன்னும் நல்லது" என்றாள். இவருக்குப் பந்தைப் பார்த்தாலே கோபம். "நான் என்ன பால்வாடிப் பிள்ளையா?" என்று தூக்கிப் போடுவார்.

ஏழெட்டு மாதம் கழித்து மகன்தான், "அப்பா, குளத்துக்குப் போவமா?" என்று கூட்டிக்கொண்டு போனான். டாக்டரிடம் கேட்டோம். தனியாகப் போகக் கூடாது, வழுக்குகிற கரையில் நிற்கக் கூடாது, நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்யலாம் என்றார். அன்றைக்கு இவர் முகத்தில் வந்த களையைப் பார்த்து நான் சுவாமி விளக்குக்கு ஒரு திரி கூடப் போட்டேன்.

நாலாவது வாரம் அந்தக் களை போய்விட்டது. ஒரு பெரிய விரால், மகன் சொன்னபடி மூன்று கிலோ இருக்கும், கவ்வியிருக்கிறது. இவர் சுற்றியிருக்கிறார். கைப்பிடி சுற்றுகிறது, நூல் வரவில்லை. 'கடக் கடக்' என்று சத்தம். மீன் தாமரைத் தண்டில் சுற்றி அறுத்துக்கொண்டு போய்விட்டது. வீட்டுக்கு வந்தவர் கம்பைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

"எனக்குக் கை போச்சு, கேட்டியா. இனி அதுக்குப் பேரு கை இல்ல. சும்மா தொங்குத சாமான்" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் குளத்துக்குப் போகவில்லை. பந்தும் இல்லை, துண்டும் இல்லை. சாப்பாடு குறைந்தது. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். பக்கவாதம் வந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது உண்டு, அதற்கும் வைத்தியம் இருக்கிறது, கவனியுங்கள் என்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதோடு "அவரை மறுபடி எதிலாவது இழுத்து விடுங்கள்" என்றார்.

ஒரு மத்தியானம் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பாபின் சிக்கி, மிஷின் 'கடக் கடக்' என்றது. எனக்கு மகன் சொன்ன அந்தச் சத்தம் ஞாபகம் வந்தது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் இருபது வருஷம் தையல் மிஷினோடு குடித்தனம் செய்தவள். இரும்பு எப்போது அழுகிறது, எப்போது சிணுங்குகிறது என்று எனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் இருந்த கம்பை எடுத்து ரீலைக் கழற்றினேன். மிஷின் திருப்புளியாலேயே பக்கத்துத் தகடு திறந்தது.

உள்ளே பார்த்தால் பாசி பிடித்த மாதிரிப் பழுப்பு. இவர் எண்ணெய் விடுவதாக நினைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்! நாள்பட்டால் அது பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும். துடைத்துப் பார்த்தேன். பெரிய பல்சக்கரத்தில் வரிசையாக நாலைந்து பல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. அது பித்தளை அல்ல. ஏதோ மட்டமான வார்ப்பு உலோகம். பல் இல்லாத இடத்தில் சின்னச் சக்கரம் வழுக்கத்தானே செய்யும்!

ரீலை அப்படியே முறத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இங்க பாருங்க. உங்க கையில குத்தம் இல்ல. இதுக்குப் பல்லில குத்தம்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி இரண்டாவது தடவை சோறு கேட்டார்.

சரி, நல்ல ரீல் ஒன்று வாங்கிவிடுவோம் என்று தீர்மானம் செய்தேன். சீட்டு எடுத்த பணம் கொஞ்சம் இருந்தது. இவருக்கே தெரியாமல் வாங்கிக் கொண்டுவந்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று ஆசை. டவுனில் ஒரு கடைக்குப் போனேன். "பன்னிரண்டு பேரிங் உள்ளது அக்கா, வெண்ணெய் மாதிரிச் சுத்தும்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். சுற்றிப் பார்த்தேன், வெண்ணெய்தான். வாங்கிவிட்டேன்.

வீட்டில் பெட்டியைத் திறந்த இவர் சிரித்தார். பிறகு கம்பில் மாட்டிப் பார்த்துவிட்டு மெல்ல, "கைப்பிடி வலது பக்கம் இருக்கே" என்றார். எனக்கு அப்போதும் புரியவில்லை. வலது பக்கக் கைப்பிடி என்றால், வலது கையால் எறிந்துவிட்டு, கம்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் சுற்ற வேண்டும். அதாவது மீன் இழுக்கிறபோது கம்பைத் தாங்க வேண்டியது அந்த இடது கை! ஸ்பின்னிங் ரீலாக இருந்தால் கைப்பிடியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாற்றிப் பூட்டலாம். பெயிட்காஸ்டிங் ரீலில் மாற்ற முடியாது. வலது என்றால் வலது, இடது என்றால் இடது. வாங்கும்போதே பார்த்து வாங்க வேண்டும். பழைய ரீலும் வலதுதானாம். மகன் வாங்கின காலத்தில் இரண்டு கையும் நன்றாக இருந்ததால் யாரும் அதை யோசிக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனால், "பிரிச்ச பெட்டியை எடுக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டார்கள். என் நாத்தனார் மகன் ஆயிரம் ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டான். ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை ரவிக்கை தைக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்து இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. ஆனால் அந்த ஆயிரம்தான் என்னைப் படிக்க வைத்தது. இந்தத் தடவை அவசரப்படவில்லை. மகனைப் போனில் பிடித்துக்கொண்டேன். குளத்தங்கரையில் விரால் பிடிக்கிற பையன்களிடம் கேட்டேன். அவர்கள் "ஆச்சி" என்று கூப்பிட்டதை மட்டும் மன்னித்துவிட்டேன். இவரும் கட்டிலை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "அது என்ன, இது என்ன" என்று கேட்க ஆரம்பித்தார். ரீல் வருவதற்கு முன்பே பாதி வைத்தியம் நடந்துவிட்டது.

நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். உங்கள் வீட்டில் மகனோ, அண்ணனோ, வீட்டுக்காரரோ கேட்டால் உதவும். மிக்ஸி, கிரைண்டர் வாங்கும்போது நாம் பார்க்கிற புத்திதான் இதற்கும்.

முதலில் உடம்பு. ரீலின் சட்டம் அலுமினியமா, பிளாஸ்டிக் கலவையா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கலவை எடை குறைவு, துருப் பிடிக்காது; ஆனால் பெரிய மீன் இழுக்கும்போது மட்டமான சட்டம் லேசாக முறுக்கிக்கொள்ளும். சட்டம் முறுக்கினால் பல்லும் பல்லும் நேராகப் பொருந்தாது; தேயும். தாமரைக்குள்ளிருந்து இழுக்கிற விராலுக்கு அலுமினியச் சட்டம் நல்லது.

இரண்டாவது பல்சக்கரம். இதுதான் ரீலின் உயிர். பித்தளைப் பல் தேய நாளாகும். பெட்டியில் 6.3:1 என்பது போல ஒரு எண் போட்டிருக்கும். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை 6.3 தடவை சுற்றும் என்று அர்த்தம். எண் கூடினால் வேகம், குறைந்தால் பலம். சைக்கிளில் மேடு ஏறுகிறதுக்கும் சமதரையில் போகிறதுக்கும் உள்ள வித்தியாசம். கையில் பலம் குறைந்தவருக்கு ரொம்ப வேகமானது வேண்டாம் என்று நடுத்தரமாக எடுத்தோம்.

மூன்றாவது, பேரிங் கணக்கில் மயங்காதீர்கள். எண்ணிக்கை கூடினால் உழைப்பும் கூடும் என்பது இல்லை. பன்னிரண்டு மட்டமான பேரிங்கைவிட நாலைந்து நல்ல பேரிங் மேல். கடையில் வெண்ணெய் மாதிரிச் சுற்றுவது பெரிதல்ல, இரண்டு மழைக்காலம் கழித்து எப்படிச் சுற்றுகிறது என்பதுதான் விஷயம். கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொட லொடவென்று ஆடினால் வைத்துவிடுங்கள்.

நாலாவது டிராக். கைப்பிடியின் அடியில் நட்சத்திரம் போல ஒரு திருகு இருக்கும். மீன் பலமாக இழுத்தால் நூல் அறுந்துபோகாமல் கொஞ்சம் விட்டுக் கொடுக்கிற ஏற்பாடு இது. மிஷினில் நூல் இறுக்கம் வைக்கிற திருகு மாதிரிதான். நூலைக் கையால் இழுத்துப் பார்த்தால் திக்கித் திக்கி வராமல் ஒரே சீராக வர வேண்டும். உள்ளே இருக்கிற வாஷர் கார்பன் நாராக இருந்தால் சூட்டைத் தாங்கும்.

ஐந்தாவது கைப்பிடி. வலதா இடதா என்பதோடு, பிடிக்கிற குமிழ் பெரியதாகவும் வழுக்காததாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் சரியாக மடங்காதவருக்குப் பெரிய குமிழ் உபகாரம்.

ஆறாவது உதிரிப் பாகம். பல் தேய்ந்தால் புதுப் பல் கிடைக்குமா? ரிப்பேர் செய்ய ஆள் உண்டா? இதைக் கேட்காமல் எந்த மிஷினும் வாங்கக் கூடாது.

இவ்வளவையும் பார்த்து, இடது பக்கக் கைப்பிடி உள்ள ஒரு ரீலை ஐயாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கினோம். கம்பெனிப் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய நான் வரவில்லை. இடது பக்கம் என்பதால் எறிவதும், கம்பைத் தாங்குவதும், கட்டைவிரலால் உருளையை அமுக்குவதும் பலமான வலது கை. சுற்றுவது மட்டும் இடது கை. தெரபிப் பெண்ணிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது பந்தைவிட நல்லா இருக்கே!" என்றாள். கை வலித்தால் நிறுத்த வேண்டும், ஒரு நேரத்தில் பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம் என்று கணக்குச் சொன்னாள். மற்றவர்களும் உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் செய்யவேண்டும்; எல்லோருக்கும் ஒரே கணக்கு ஆகாது.

மகன் போனில் இன்னொரு விஷயமும் படித்துச் சொன்னான். இந்த மாதிரிப் பல்சக்கர ரீலை அமெரிக்காவில் கெண்டக்கி என்ற இடத்தில் முதலில் செய்தவர்களில் ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் ஒருவராம். அவர் 1800-களின் தொடக்கத்தில் இருந்த கடிகாரக்காரர். ஸ்வீடன் நாட்டில் பெயர் பெற்ற அபு கம்பெனி 1921-இல் கடிகாரக் கம்பெனியாகத்தான் ஆரம்பித்தது. ஜப்பானில் ஷிமானோ அதே 1921-இல் சைக்கிள் பல்சக்கரம் செய்கிற பட்டறையாக ஆரம்பித்து, 1970-களில் ரீலுக்கு வந்தது. கடிகாரக்காரரும் சைக்கிள்காரரும் செய்த சாமானைத் தையல்காரி திறந்து பார்த்ததில் தப்பில்லை என்று சொல்லி இவர் சிரித்தார். எவ்வளவோ நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு.

முதல் பத்து நாள் முற்றத்தில்தான் பழக்கம். முள் இல்லாத ஒரு ஈயக்குண்டைக் கட்டி, முறத்தைத் தள்ளி வைத்து, அதில் விழ எறிய வேண்டும். அதற்கு முன் ரீலைச் சரி செய்கிற முறை ஒன்று உண்டு. குண்டைத் தொங்கவிட்டு, பொத்தானை அமுக்கினால் அது மெல்ல இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் உருளை நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுழன்றால் பக்கத்துத் திருகை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். குண்டு கீழே விழுகிற சமயம் கட்டைவிரலால் உருளையை நிறுத்தாவிட்டால் குருவிக்கூடுதான். எத்தனை கூடு! எல்லாச் சிக்கையும் நான் ஊசியால் எடுத்தேன். மாமியார் திண்ணையில் உட்கார்ந்து, "முத்தத்தில மீன் பிடிக்க நம்ம குடும்பந்தான்" என்று சொல்லிச் சிரித்தாள்.

பிறகு குளம். எல்லாக் குளத்திலும் இஷ்டம்போல் தூண்டில் போடக் கூடாது. மீன் குத்தகைக்கு விட்ட குளமானால் குத்தகைக்காரரிடம் கேட்க வேண்டும். சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் பறவைகளுக்கானவை. 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே நாங்கள் பறவை பார்க்க மட்டும் போவோம். அறுந்த நூலைக் கரையில் போட்டுவிட்டு வரக் கூடாது. கொக்கின் காலில் சுற்றிக்கொள்ளும். நான் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்துவிடுகிறேன். துண்டு நூலெல்லாம் அதற்குள்.

இவர் இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். முள் குத்தினால் இரத்தம் நிற்க நேரமாகும். சுத்தமான துணி ஒன்று பையில் எப்போதும் இருக்கும். குத்தினால் பத்து நிமிஷம் விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும், நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி. தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். காலில் புண் இருந்தால் குளத்துத் தண்ணீரில் இறங்கவே கூடாது, எலிக்காய்ச்சல் வரும். செருப்பு இல்லாமல் கரையில் நடக்கவும் நான் விடுவதில்லை.

ரீலைப் பாதுகாக்கிற வேலை என்னுடையது. குளத்திலிருந்து வந்ததும் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவைப்பேன். நூலை இடமும் வலமும் கொண்டுபோகிற சின்னத் திருகுத்தண்டில்தான் மணலும் பாசியும் சேரும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒரு சொட்டு எண்ணெய். பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுத்தான். பல்சக்கரத்துக்குக் கிரீஸ், அதுவும் மை போடுகிற அளவு. கைப்பிடி பின்பக்கம் சுழலாமல் பிடிக்கிற உருளைப் பேரிங் ஒன்று உண்டு. அதில் கிரீஸ் பட்டால் வழுக்கும். தேங்காய் எண்ணெய் தலைக்கும் தாளிக்கவும் மட்டும்! எடுத்து வைக்கும்போது நட்சத்திரத் திருகைத் தளர்த்தி வைத்தால் வாஷர் நசுங்காது. முள் கொடியில் மாட்டிக்கொண்டால் ரீலைச் சுற்றி இழுக்கக் கூடாது. நூலை ஒரு கட்டையில் சுற்றி நேராக இழுக்க வேண்டும். வெறும் கையில் சுற்றினால் கை அறுந்துவிடும். மணக்குடிக் காயல் பக்கம் உப்புத் தண்ணீரில் போட்டால், அன்றைக்கே நல்ல தண்ணீரை லேசாகத் தெளித்துக் கழுவ வேண்டும். குழாயை வேகமாகத் திறந்து அடித்தால் உப்பு உள்ளே போய்விடும்.

குளத்துக்குப் போன மூன்றாவது ஞாயிறு நானும் கூடப் போனேன். கரையில் நாற்காலி. இவர் எறிந்தார். தவளை இலை மேல் விழுந்து, ஒரு துள்ளல், இன்னொரு துள்ளல். 'டம்' என்று தண்ணீர் வெடித்தது. "சுத்துங்க, சுத்துங்க" என்று நான் கத்துகிறேன். இடது கை இரண்டு சுற்றுச் சுற்றும், நிற்கும். மறுபடி ஒரு சுற்று. நட்சத்திரத் திருகு 'கிர்' என்று நூலை விட்டுக்கொடுக்கும். மகன் எழுந்து கை நீட்டினான். "நீ இரி மக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் கொடியும் சேறுமாக ஒரு விரால் கரைக்கு வந்தது. ஒரு கிலோவும் கொஞ்சமும் இருக்கும். இடது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை வலது கையால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் குளத்தைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

வீட்டில் சாம்பல் தொட்டு உரசி வழுவழுப்பைப் போக்கி, தேங்காய் வறுத்து அரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மரச்சீனிக்கிழங்கும் அவித்தேன். மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

இவர் கை முழுதும் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. சட்டைப் பொத்தான் போட இன்னும் நான் வேண்டும். ஆனால் விரல்கள் மடங்கினால் இப்போது விரிகின்றன. போன மாதம் ஒரு குளத்தில் இலை ஓரமாகச் சிவப்பாக மிதந்தது. விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் பெற்றது காவல் நிற்கும். அந்தச் சமயத்தில் தவளையைப் போட்டால் கோபத்தில் கட்டாயம் கவ்வும் என்று எல்லோருக்கும் தெரியும். இவர் நூலைச் சுற்றிக்கொண்டு, "அது குடும்பம் நடத்துது. நாம வேற இடம் பாப்போம்" என்று நாற்காலியைத் தூக்கச் சொன்னார்.

நேற்று நான் தைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பாபின் சுத்தணுமா? கொண்டா" என்று இடது கையை நீட்டினார். சுற்றினது கொஞ்சம் தளர்ச்சிதான். நான் அதை அப்படியே போட்டுத் தைத்தேன்.